முன்னறிந்த மரணங்கள்: சின்னத்திரையிலும் சித்தூர் மண்ணிலும்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது. அந்த வேங்கடத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் நிர்வாக எல்லைகள் பலமுறை மாறின. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது; 1953இல் அது ஆந்திராவுடன் சென்றது; 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இடம்பெயர்ந்தாலும் மக்களின் நாவில் இரு மொழிகளும் நிலைத்துவிட்டன. நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குகின்றன.

இத்தகைய வீடுகளுக்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒரு தனி வசதியைச் செய்து கொடுத்துள்ளன. ஒரே கதையை அவர்கள் இரு மொழிகளிலும் காணலாம். 2019இல் ஜீ பங்களாவில் 'திரிநயனி' என்ற பெயரில் தொடங்கிய தொடர், 2020இல் அதே பெயருடன் ஜீ தெலுங்கில் வந்தது. 2022இல் 'மாரி' என்ற பெயரில் ஜீ தமிழுக்கும் வந்து சேர்ந்தது. வங்கத்துக்கு முக்கண்ணி, தமிழுக்கு மாரி. அம்மனின் பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது, முதலாளி மாறவில்லை.

கதையின் சாரம் எளிது. ஏழைப் பெண் ஒருத்திக்கு வரவிருக்கும் ஆபத்தும் மரணமும் முன்கூட்டியே கண்ணில் தெரிகின்றன. அவள் ஒரு செல்வக் குடும்பத்தில் மருமகளாகிறாள். அந்தக் குடும்பத்தின் சொத்தைக் கவரச் சதி செய்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். கணவனின் உயிருக்குக் குறி வைக்கப்படும்போதெல்லாம் அவளுக்குக் காட்சி தெரிகிறது. அவள் ஓடிச்சென்று காப்பாற்றுகிறாள். ஒரு மரணம் தவிர்க்கப்பட்டதும் அடுத்த மரணம் தெரியத் தொடங்குகிறது. இந்தச் சங்கிலியைக் கொண்டு நூற்றுக்கணக்கான பகுதிகளை ஓட்டிவிட முடிந்திருக்கிறது.

இதை 'மூடநம்பிக்கைக் குப்பை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு நகர்வது தோழர்களுக்கு எளிது. ஆனால் அப்படித் தள்ளிவிடுவதால் எந்தப் பயனும் விளையவில்லை. நாள் முழுவதும் மாங்கூழ் ஆலையிலோ ஆயத்த ஆடை ஆலையிலோ நின்றுவிட்டு வந்து, அடுப்படி வேலையையும் முடித்துவிட்டு அந்தத் தொடரின் முன் அமரும் பெண், அறிவில்லாததால் அமரவில்லை. அவள் எதைத் தேடி அங்கே அமர்கிறாள் என்பதைக் கேட்டாக வேண்டும்.

கதைக்குள் இருக்கும் உண்மை

அந்தத் தொடரில் ஓர் உண்மை இருக்கிறது. நாயகிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் சொல்வதை யாரும் கேட்பதில்லை. படித்தவர்களும் பணக்காரர்களும் நிறைந்த வீட்டில், கல்வியற்ற ஏழை மருமகள் எச்சரிக்கிறாள். சிரிக்கிறார்கள், ஏசுகிறார்கள், பிறகு அவள் சொன்னதே நடக்கிறது. உழைக்கும் பெண்ணுக்கு இது புதிய கதையே அன்று. ஆலையின் கொதிகலன் சீராக இல்லை என்று அவள் மேற்பார்வையாளரிடம் சொன்னதுண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இல்லை என்று சொன்னதுண்டு. அவள் சொல் எங்கும் ஏறியதில்லை. தனக்குத் தெரிந்ததை உலகம் ஒருநாள் ஒப்புக்கொள்ளும் என்ற அவளது ஏக்கத்தைத்தான் அந்தத் தொடர் விலைக்கு விற்கிறது.

1844இல் மதத்தைப் பற்றி எழுதிய மார்க்ஸ், அதை அபின் என்று சொன்னதோடு நின்றுவிடவில்லை. உண்மையான துன்பமே அதில் வெளிப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். மேடைகளில் முதற்பாதி மட்டும் முழங்கப்படுகிறது. துன்பத்தைப் பேசாமல் மயக்கத்தை மட்டும் ஏசுபவரின் பேச்சு, துன்பப்படுபவரின் செவியில் ஏறாது.

உண்மையை எடுத்துக்கொண்ட தொடர், அதைக் கொண்டு மூன்று பொய்களைக் கட்டுகிறது. முதலாவது, முன்னறிவு உழைப்பாலும் அனுபவத்தாலும் வருவதன்று, ஒருத்திக்கு மட்டும் வாய்க்கும் தெய்வ அருள் என்பது. இரண்டாவது, மரணத்துக்குக் காரணம் ஒரு தீய மனிதரின் சதியோ விதியோதான், வேறெதுவும் இல்லை என்பது. மூன்றாவது, அந்த அருள் முழுவதும் ஒரு பணக்காரக் குடும்பத்தையும் அதன் சொத்தையும் காப்பதற்கே என்பது. ஏழைப் பெண்ணுக்கு மூன்றாவது கண் கிடைத்தாலும் அது அவளுடைய தெருவைப் பார்ப்பதில்லை. மாளிகையைக் காவல் காக்கிறது. மூன்று பொய்களுள் மிகவும் நச்சுத்தன்மை கொண்டது இதுதான்.

அருளின்றி அறிந்தவர்கள்

இத்தொடரை ஆர்வத்துடன் பார்க்கும் சித்தூர், திருப்பதி மண்ணிலேயே, எந்த அருளும் இல்லாமல் முன்னறியப்பட்ட மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன. அவற்றை நினைவுபடுத்துவதே மேற்சொன்ன பொய்களுக்குத் தகுந்த மறுமொழி.

2015 ஏப்ரல் 7. சந்திரகிரியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து மரம் வெட்டச் சென்ற தமிழகத் தொழிலாளர்கள் அவர்கள். மலைவாழ் பழங்குடியினர் பலர். செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அதன் சந்தையோ சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. மரத்தின் விலை கடல் கடந்து ஏறியது. வெட்டியவனின் கூலி மலையடிவாரத்தில் நின்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றி, சவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் நிலமும் வேலையும் கொடுத்திருந்தால் அந்த மக்கள் இடைத்தரகரின் வண்டியில் ஏறியிருக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே நூற்றுக்கணக்கானோர் ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்தனர். இது எங்கே போய் முடியும் என்பது மலைக்கிராமப் பெண்களுக்குத் தெரிந்தே இருந்தது. கொலைகள் நடந்தபின் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. உயர் நீதிமன்றம் வரை விவகாரம் சென்றது. ஆனால் காரணங்கள் அப்படியே இருந்தன. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மேலும் ஐந்து தமிழகத் தொழிலாளர்களின் உடல்கள் மிதந்தன.

2017 ஏப்ரல் 21. சுவர்ணமுகி ஆற்றில் நடக்கும் மணற்கொள்ளையைத் தடுக்கக் கோரி முனகலபாளையம் கிராம மக்கள் ஏர்பேடு காவல் நிலையத்தின் முன் திரண்டனர். ஆறு வறண்டால் கிணறு வறளும், கிணறு வறண்டால் பயிர் சாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதைச் சொல்லவே வந்திருந்தனர். கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று சாலையோரத்தில் நின்ற கூட்டத்துக்குள் புகுந்து மின்கம்பத்தில் மோதியது. சக்கரத்தில் நசுங்கியும் மின்சாரம் தாக்கியும் குறைந்தது 15 பேர் மாண்டனர். லாரி மோதியது விபத்து என்றே வைத்துக்கொள்வோம். தங்கள் ஆற்றைக் காப்பாற்றச் சொல்லி உழவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க நேர்ந்தது விபத்தாகாது.

2021 மே 10. திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததால் கொரோனா நோயாளிகள் 11 பேர் உயிரிழந்ததாக அதிகாரிகள் அறிவித்தனர். தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் லாரி வந்து சேரத் தாமதமானது என்றும், தடைபட்டது சில நிமிடங்கள்தான் என்றும் விளக்கம் வந்தது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சில நிமிடங்களே வாழ்நாள் முழுவதுமாயிற்று. எட்டு நாள்களுக்கு முன்புதான் கர்நாடகத்தின் சாமராஜநகர் அரசு மருத்துவமனையில் 24 பேர் இறந்து, ஆக்சிஜன் பற்றாக்குறை நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்தது எந்த ஊர் என்பதைத் தவிர மற்ற அனைத்தும் தெரிந்திருந்தன. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் அளித்த விடை என்ன? ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் என்று மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்பதே. மாரிக்கு நடக்கவிருக்கும் மரணம் தெரிகிறது. ஒன்றிய அரசுக்கு நடந்து முடிந்த மரணமே தெரியவில்லை.

2025 ஜனவரி 8. வைகுண்ட வாயில் தரிசனத்துக்கான இலவச டோக்கன்கள் மறுநாள் அதிகாலை 5 மணிக்கு வழங்கப்படும் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவித்திருந்தது. முதல்நாள் மாலையே ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். பைராகிப்பட்டெடா அருகே பூங்காவில் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு இரவில் வாயில் திறக்கப்பட்டபோது ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தனர். அவர்களுள் சேலம் மாவட்டத்துப் பெண்ணும் ஒருவர். ஆண்டுதோறும் வரும் விழா அது. எத்தனை பேர் வருவார்கள் என்பதைத் தேவஸ்தானம் எண்ணிக்கையோடு அறியும். அதே தேவஸ்தானத்தின் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை அளிப்பவருக்குச் சிறப்புத் தரிசனச் சீட்டு உண்டு. அவர் பூங்காவில் அடைபட வேண்டியதில்லை. வழிபடச் சென்ற ஏழைகளின் நம்பிக்கையை இங்கே யாரும் இகழவில்லை. அந்த நம்பிக்கையையே வரிசையாகவும் வரவாகவும் கணக்கிடும் நிர்வாகத்திடம்தான் கேள்வி.

நான்கு நிகழ்வுகளிலும் முன்னறிந்தவர்கள் இருந்தனர்: மலைக்கிராமத்துப் பெண்கள், ஆற்றங்கரை உழவர்கள், மருத்துவமனைகளில் இரவும் பகலும் நின்ற பணியாளர்கள், ஆண்டுதோறும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும் திருப்பதியின் சிறுகடைக்காரர்கள். மூன்றாவது கண் தேவைப்படவில்லை. இரண்டு கண்கள் போதுமாயிருந்தன. இல்லாதிருந்தது அவர்களின் சொல்லுக்கு அதிகாரம் மட்டுமே.

படிப்பு மட்டும் போதுமா?

அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 2021 ஜனவரி 24 அன்று நடந்தது மேலே சொன்னவற்றிலிருந்து வேறுபட்டது. வயதுவந்த மகள்கள் இருவர் பெற்றோராலேயே வீட்டில் கொல்லப்பட்டனர். புதிய யுகம் பிறக்கும், இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று பெற்றோர் நம்பியதாகக் காவல்துறை தெரிவித்தது. நன்கு படித்த குடும்பம் அது என்பதே நாடு முழுவதும் அதிர்ச்சியை உண்டாக்கியது. இதற்கு ஏதோ ஒரு தொடர்தான் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. மனநோயின் பங்கு என்ன என்பது மருத்துவர்களும் நீதிமன்றமும் ஆராய வேண்டியது. ஆனால் ஒரு குடும்பத்தின் மனம் தடுமாறும்போது பற்றிக்கொள்ள அதற்குக் கிடைக்கும் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? மரணம் முடிவன்று, சடங்கால் திருத்தக்கூடியது என்ற சொற்களைக் காலை முதல் நள்ளிரவு வரை திரையும் சாமியார்களும் ஓதிக்கொண்டே இருக்கின்றனர்.

படிப்பு இதற்குத் தானாக மருந்தாகிவிடாது என்பதை எங்கெல்ஸ் 1878இலேயே எழுதிவைத்தார். ஆவியுலக விவகாரம் பற்றிய அந்தக் கட்டுரையில் அவர் எள்ளி நகையாடியது பாமரர்களை அல்ல. இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை டார்வினுக்கு இணையாகக் கண்டறிந்த வாலஸையும், தாலியம் என்னும் தனிமத்தைக் கண்டுபிடித்த குரூக்ஸையும்தான். கோட்பாட்டுச் சிந்தனையை இகழ்ந்து, கண்ணால் கண்டதை மட்டும் நம்பும் அறிவியல், ஆவி மேசையைத் தட்டியதையும் நம்பிவிடும் என்பது அவர் காட்டிய பாடம். வேதியியலும் கணிதமும் கற்பித்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கும் பழக்கத்தைக் கற்பிக்க வேண்டும்.

'வெறும் பொழுதுபோக்குதானே?'

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகள் எழும். இது பொழுதுபோக்கு, யாரும் நம்புவதில்லை என்பது ஒன்று. நம்பாவிட்டால் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில், மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக்கூடாது என்று ஏன் எழுத வேண்டியிருந்தது? விதி இருக்கிறது, 'இது கற்பனைக் கதை' என்று சில நொடிகள் ஓடும் எழுத்து அந்த விதியைத் தாண்டும் பாலமாகிவிட்டது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்த நரேந்திர தபோல்கர் 2013இல் புனேயிலும், தோழர் கோவிந்த் பன்சாரே 2015இல் கோலாப்பூரிலும், கல்புர்கி அதே ஆண்டு தார்வாடிலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜீ குழுமத்தை நிறுவிய சுபாஷ் சந்திராவோ 2016இல் பாஜக ஆதரவுடன் மாநிலங்களவைக்குச் சென்றார். கடமையைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது எது, தொலைக்காட்சி முதலாளிக்குக் கிடைத்தது எது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த 'வெறும் பொழுதுபோக்கின்' அரசியல் விளங்கும்.

இது நம் மரபு என்பது மற்றொரு மறுப்பு. மரபில் எது இருக்கிறது என்று பார்ப்போம். சங்க அகப்பாடல்களில் மகள் மெலிவதைக் கண்ட தாய், வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். கழங்கு உருட்டிய வேலன், முருகன் அணங்கினான் என்கிறான். உண்மைக் காரணம் காதல் என்று தோழிக்குத் தெரியும். வேலனின் அறியாமையும் வீணே பலியாகும் ஆட்டின் நிலையும் அப்பாடல்களில் நகைப்புக்குரியனவாகின்றன. கடப்பை மண்ணின் வீரபிரம்மத்தின் காலஞானம் வருங்காலம் உரைத்தது; ஆனால் அவர் இஸ்லாமியரான சித்தையாவைத் தலைமைச் சீடராக ஏற்று, சாதிப் பெருமையைச் சாடியவர் என்றே மக்கள் நினைவில் வாழ்கிறார். மரபில் குறி இருந்தது. குறியைக் கேள்வி கேட்ட குரலும் இருந்தது. தொலைக்காட்சி முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. தெருவில் குறி சொல்லிப் பிழைத்த எருகுல, குறவர் சமூகத்தினரை ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் அடைத்தது. கூடையும் கோலும் ஏந்திக் கைப்பிடி அரிசிக்குக் குறி சொன்னவள் குற்றவாளி. அதே குறியை விளம்பர இடைவேளைகளோடு விற்பவர் தொழிலதிபர். பகுத்தறிவுப் பரப்புரையின் கூர்முனை கூடைக்காரியை நோக்கித் திரும்பினால் அது வழிதவறிய பரப்புரை.

செய்ய வேண்டியவை

மூடநம்பிக்கைச் சுரண்டலுக்கு எதிராக மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் சட்டம் இயற்றின. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் அத்தகைய தனிச்சட்டத்துக்கான கோரிக்கையைக் கட்சி இயக்கமாக முன்னெடுக்க வேண்டும். கேபிள் விதிகளை மீறும் தொடர்கள் மீது முறைப்படி புகார்கள் குவிய வேண்டும். பிரஜா நாட்டிய மண்டலி போன்ற கலைக்குழுக்கள், ஏழைப் பெண்ணின் சொல் எடுபடும் கதைகளை இரு மொழிகளிலும் மேடையேற்ற வேண்டும். நல்ல கதைக்கு ஏங்கும் மக்களுக்கு அறிக்கை மட்டும் கொடுத்தால் அவர்கள் மீண்டும் திரிநயனியிடம்தான் போவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னறிவு என்ற சொல்லையே மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. 1887 டிசம்பரில் எங்கெல்ஸ் ஒரு சிறுநூலுக்கு எழுதிய முன்னுரையில், அடுத்து வரும் போர் உலகப் போராகவே இருக்கும் என்றும், 80 லட்சம் முதல் ஒரு கோடி வரையிலான படைவீரர்கள் ஒருவரையொருவர் கொன்று குவிப்பார்கள் என்றும், அரச முடிகள் தெருவில் உருளும் என்றும் எழுதினார். 27 ஆண்டுகளுக்குப் பின் அது நடந்தது. அவருக்கு எந்தக் காட்சியும் தோன்றவில்லை. ஆயுதப் போட்டியையும் அரசுகளின் கூட்டணிகளையும் அவர் ஆராய்ந்தார், அவ்வளவே.

ஒவ்வொரு கிளையும் தன் ஊரளவில் இதைச் செய்ய முடியும். அடுத்த மரணம் எங்கே காத்திருக்கிறது என்ற கேள்வியைக் கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கும் கழிவுநீர்க் குழி எது, வெடி வைக்குமுன் எச்சரிக்காத கல்குவாரி எது, இரவில் மருத்துவர் இல்லாத சுகாதார நிலையம் எது, கூலியாட்களைச் சரக்கோடு ஏற்றிச்செல்லும் லாரிகள் எந்தச் சாலையில் ஓடுகின்றன என்று பட்டியலிடட்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள், இரவில் தொடர் பார்க்கும் அந்தப் பெண்களே. ஊரில் நடப்பது மற்ற எவரையும்விட அவர்களுக்குத் தெரியும். பட்டியல் மாவட்ட ஆட்சியரின் மேசைக்கும், பதில் வராவிட்டால் தெருவுக்கும் போகட்டும்.